ஏரிக்கரை வீட்டில் 15 சதவீதம்: எதைச் சேர்ப்பது, எதால் வகுப்பது?

கேள்வி: நாங்கள் சிகாகோ புறநகரில் இருக்கிறோம். போன வருடம் வட விஸ்கான்சினில், ஏரிக்கரையில் ஒரு பழைய வீடு வாங்கினோம். லாட் (மனை) 100 அடி அகலம். தண்ணீரிலிருந்து ரோடு வரை 380 அடி. வீடு கரையிலிருந்து 90 அடி தள்ளி இருக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் படி ஏறாமல் தங்க, வீட்டின் பக்கவாட்டில் கீழ்த்தளத்தில் ஒரு அறை கட்ட நினைக்கிறோம். கூரை விளிம்பையும் சேர்த்து 16க்கு 20. ஏரியைப் பார்த்து 24 அடி அகலம், 20 அடி ஆழத்தில் ஒரு பேட்டியோவும் (வெளியே உட்காரும் தளம்), பிள்ளைகளுக்கு 30க்கு 30 பாஸ்கெட்பால் தளமும் வேண்டும். கான்ட்ராக்டர், “மழைநீர் இறங்காத தளம் இப்போது நிலத்தில் 6 சதவீதம்தான் இருக்கிறது, எல்லாம் கட்டினாலும் 11 வராது, 15 வரை விடுவார்கள்” என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஜல்லி டிரைவ்வேயையும் கணக்கில் சேர்ப்பார்கள் என்று பயமுறுத்துகிறார். மினசோட்டாவில் ஏரி வீடு வைத்திருக்கும் என் அண்ணன் 25 சதவீதம் என்கிறார். யார் சொல்வது சரி? இருக்கிற கட்டடங்களின் அளவுகளை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. அண்ணன் சொல்வது அவருடைய மாநிலத்துக்குச் சரி. கான்ட்ராக்டரின் கணக்கில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. இரண்டும் உங்களுக்குச் சாதகமாகத் தெரிவதால்தான் ஆபத்து. அவரை நம்பி வேலையைத் தொடங்கியிருந்தால், கான்கிரீட் போட்ட பிறகு உடைக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கும். நல்லவேளை, முன்னாலேயே கேட்டீர்கள். உங்கள் லாட்டில் நீங்கள் ஆசைப்பட்டதில் பெரும்பகுதியைச் சட்டப்படியே செய்ய இடம் இருக்கிறது. ஆனால் எதை எங்கே வைப்பது என்பதை மாற்றியாக வேண்டும்.

முதலில் எந்தச் சட்டம் என்று பார்ப்போம். விஸ்கான்சினில் கரையோரக் கட்டுமானத்துக்கு அடிப்படை, மாநில இயற்கைவளத் துறையின் என்.ஆர். 115 என்ற விதி. அதைக் கவுண்டிகள் (மாவட்டம் போன்ற உள்ளூர் அரசுகள்) தங்கள் கரையோர ஜோனிங் விதியாக, அதாவது நிலப் பயன்பாட்டு விதியாக ஏற்று நடைமுறைப்படுத்துகின்றன. ஏரியிலிருந்து 1,000 அடி வரை இந்த மண்டலம் நீளும். இது நகரம், கிராமம் (வில்லேஜ்) என்று தனி நகராட்சியாகப் பிரியாத டவுன் பகுதிகளுக்கானது. உங்கள் முகவரி டவுனில் இருக்கிறதா, வில்லேஜ் எல்லைக்குள் இருக்கிறதா என்பதைச் சொத்துவரி ரசீதில் பாருங்கள். வில்லேஜ் என்றால் அவர்களுடைய விதியைத் தனியாகக் கேட்க வேண்டும். கீழே எழுதுவது டவுன் என்று வைத்துக்கொண்டுதான்.

அண்ணன் சொன்ன 25 சதவீதம் மினசோட்டாவின் கரையோர விதி. அங்கே லாட்டின் மொத்தப் பரப்பில் கணக்கிடுகிறார்கள், உள்ளூர் அரசு அதைவிடக் கடுமையாகவும் வைக்கலாம். விஸ்கான்சினில் நிலைமை வேறு. 2015ஆம் ஆண்டின் 55ஆம் சட்டத்துக்குப் பிறகு, என்.ஆர். 115 பேசும் விஷயங்களில் எந்தக் கவுண்டியும் அதைவிடக் கடுமையாகப் போக முடியாது. அதனால் இங்கே நீர் இறங்காத தளத்துக்கான எண்கள் ஏறக்குறைய எல்லாக் கவுண்டியிலும் ஒன்றுதான். 15 சதவீதம் வரை வழக்கமான பெர்மிட் போதும். அதற்கு மேல் 30 வரை போகலாம். ஆனால் ஏரிக்கு வரும் கெடுதலை ஈடுசெய்யும் திட்டம் ஒன்றைக் கொடுத்து, நிறைவேற்றி, அந்தக் கடமையைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். நாளை நீங்கள் விற்றாலும் அது வீட்டோடு போகும். நெருக்கமாக வீடுகள் கட்டப்பட்ட சில கரைகளைக் கவுண்டி தனியாக வரையறுத்திருந்தால், அங்கே வீடுகளுக்கு இந்த எண்கள் 30, 40 என்று மாறும். உங்கள் கரை அந்த வரைபடத்தில் இருக்கிறதா என்பது ஜோனிங் அலுவலகத்தில் ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும். இல்லை என்றே வைத்துக் கணக்குப் போடுகிறேன்.

இனி கான்ட்ராக்டரின் தவறுகள். முதல் தவறு, எதால் வகுத்தார் என்பது. அவர் உங்கள் முழு லாட்டையும், அதாவது 38,000 சதுர அடியையும் கீழே போட்டு வகுத்திருக்கிறார். விதி அப்படி இல்லை. சாதாரண உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 அடிக்குள் இருக்கும் பகுதியை மட்டும் எடுத்து, அதற்குள் இருக்கும் தளங்களை அதற்குள் இருக்கும் நிலத்தால் வகுக்க வேண்டும். உங்களுக்கு அது 100 பெருக்கல் 300, அதாவது 30,000 சதுர அடி. 15 சதவீதம் என்றால் 4,500 சதுர அடி. 30 சதவீதம் என்றால் 9,000.

அந்தக் கோடு, இன்று தண்ணீர் நிற்கும் இடம் அல்ல. வருடக்கணக்கில் தண்ணீர் வந்து நின்று கரையில் விட்ட தடம்: மண் அரித்த விளிம்பு, நிலத்துச் செடி முடிந்து நீர்ச்செடி தொடங்கும் இடம், பாறையில் படிந்த கறை. வறண்ட கோடையில் தண்ணீர் 8 அடி உள்வாங்கியிருக்கும்போது டேப்பைத் தண்ணீரில் வைத்து அளந்தால், உங்கள் 90 அடி உண்மையில் 82 அடியாக இருக்கலாம். அதனால் சர்வேயர் அந்தக் கோட்டையும், அதிலிருந்து 35, 75, 300 அடிக் கோடுகளையும் வரைபடத்தில் போட்டுத்தர வேண்டும். இந்தத் திட்டம் முழுவதிலும் முதலில் செலவழிக்க வேண்டிய பணம் இதுதான். கீழே உள்ள என் எண்கள் எல்லாம் நீங்கள் எழுதிய 90 அடி சரி என்ற நம்பிக்கையில் போட்டவை.

இரண்டாவது தவறு, எதைச் சேர்த்தார் என்பது. அவர் வீட்டையும் கராஜையும் மட்டும் கூட்டி 2,408 சதுர அடி என்றார். விதியின் வரையறை, மழைநீரின் பெரும்பகுதியை வழிந்தோட விடும் எந்தப் பரப்பையும் பிடிக்கிறது. கூரை, நடைபாதை, டிரைவ்வே, வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் அதில் வரும். வண்டி ஏறி இறங்கி இறுகிய ஜல்லியும் அப்படித்தான். ஜல்லி டிரைவ்வேயில் ஒரு இரும்புக் கம்பியைக் குத்திப் பாருங்கள். மேலே ஓர் அங்குலம் உதிரியாக இருக்கும். அதற்குக் கீழே கல்தூளும் களிமண்ணும் சேர்ந்து கான்கிரீட் போல இறுகியிருக்கும். மழையில் சக்கரத் தடத்தில் தண்ணீர் தேங்கி நிற்பது அதனால்தான். தண்ணீர் இறங்கும்படி திட்டமிட்டுக் கட்டி, அப்படியே பராமரிக்கும் தளம் என்றால் மட்டுமே விலக்கு. கூரையைச் சுவரிலிருந்து அளக்காதீர்கள். தண்ணீர் சொட்டும் விளிம்பிலிருந்து அளங்கள்.

உங்கள் அளவுகளின்படி 300 அடிக்குள் இருப்பவை இவை: வீட்டுக் கூரை 1,680; கராஜ் 728; டிரைவ்வே 12 அடி அகலத்தில் 150 அடி நீளம், அதாவது 1,800; வண்டி நிறுத்தும் ஜல்லித் தளம் 400; பழைய பேட்டியோ 192; ஏரிக்கு இறங்கும் கான்கிரீட் பாதை, 4 அடிக்கு 75 அடி, 300; ஷெட் 120. கூட்டினால் 5,220 சதுர அடி. 30,000ஆல் வகுத்தால் 17.4 சதவீதம். ஆக ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே நீங்கள் 15ஐத் தாண்டி நிற்கிறீர்கள். கேட்ட மூன்றையும், அறை 320, பேட்டியோ 480, விளையாட்டுத் தளம் 900 என்று மேலே சேர்த்தால் 6,920. அது 23 சதவீதம். தடையில்லை, ஆனால் ஈடுசெய்யும் திட்டம் இல்லாமல் பெர்மிட் கிடைக்காது.

17.4 என்றதும் பயந்துவிட வேண்டாம். ஏற்கெனவே சட்டப்படி போடப்பட்ட தளத்தைப் பழுதுபார்க்கலாம், அதே அளவில் மாற்றிப் போடலாம். இன்னொன்றும் உண்டு, அதுதான் உங்களுக்கு உதவப் போவது: இருக்கிற தளத்தை வேறு இடத்துக்கோ வேறு வகைக்கோ மாற்றலாம். கவுண்டி விதி அமலுக்கு வந்த நாளில் இருந்த சதவீதம் கூடக் கூடாது, புதிய இடம் செட்பேக் தூரங்களுக்கு (கரை, ரோடு, எல்லையிலிருந்து விட வேண்டிய தூரம்) உட்பட வேண்டும், அவ்வளவுதான். அதாவது இங்கே 300 சதுர அடியைப் பெயர்த்தெடுத்து அங்கே 300 போடலாம். ஆனால் முந்தைய உரிமையாளர் அந்த ஜல்லித் தளத்தை அனுமதி இல்லாமல் பின்னால் கொட்டியிருந்தால், அது உங்கள் பழைய கணக்கில் சேராது. கவுண்டியின் இணைய வரைபடத்தில் பழைய வான்படங்கள் இருக்கும். வருடம் வருடமாகப் பார்த்து, டிரைவ்வேயும் தளமும் தெரியும் படங்களைச் சேமித்து வையுங்கள்; பழைய பெர்மிட் நகல்களையும் கேட்டு வாங்குங்கள். அலுவலர் கேட்கும் முன் இதை மேஜையில் வைப்பவர்களுக்குப் பேச்சு சுலபமாகிறது.

சரி, மூன்று ஆசைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

விளையாட்டுத் தளம். இதற்கு நல்ல விடை உங்கள் லாட்டிலேயே இருக்கிறது. 380 அடி ஆழத்தில், 300 அடிக் கோட்டுக்கு அப்பால் ரோட்டுப் பக்கம் 80 அடி மிச்சம். அங்கே போடும் 900 சதுர அடி இந்தக் கணக்கில் சேரவே சேராது. வண்டி நிறுத்தும் 400 சதுர அடித் தளத்தையும் அங்கேயே மாற்றினால் உள்ளே 400 குறையும். ஆனால் அங்கே கை வைப்பதற்கு முன் செப்டிக் எங்கே என்று கண்டுபிடியுங்கள். ஏரிக்கரை வீடுகளில் கழிவுநீர் இறங்கும் வயல் பெரும்பாலும் ரோட்டுப் பக்கம்தான் இருக்கும். அதன்மேல் தளம் போடுவது மட்டுமல்ல, கான்ட்ராக்டரின் லாரி ஒரு நாள் நின்றாலே மண் இறுகி வயல் கெட்டுவிடும். கவுண்டியில் செப்டிக் வரைபடம் இருக்கும். மாற்று வயலுக்கு என்று ஒதுக்கிய இடம் அதில் குறித்திருந்தால் அதையும் தொடாதீர்கள். ரோட்டிலிருந்து விட வேண்டிய தூரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டியோ. இதில் சதவீதத்தைவிடப் பெரிய சிக்கல் தூரம். கரையிலிருந்து 75 அடிக்குள் கட்டுமானம் கூடாது. “தரையோடு தரையாகப் போடும் பேட்டியோ கட்டுமானமா?” என்று பலரும் கேட்பார்கள். விஸ்கான்சின் சட்டம் பேட்டியோ, டெக், தாங்குசுவர், நெருப்புக்குழி எல்லாவற்றையும் பெயர் சொல்லியே கட்டுமானம் என்கிறது. உங்கள் வீட்டுச் சுவர் 90 அடியில். 20 அடி ஆழமுள்ள பேட்டியோ 70 அடியில் போய் முடியும். ஐந்து அடி உள்ளே. ஆழத்தை 13 அடியாக்குங்கள். 24க்கு 13 என்றால் 312 சதுர அடி, விளிம்பு 77 அடியில் நிற்கும். சர்வேயர் கோடு ஓரடி தள்ளிப்போனாலும் தாங்கும். பழைய 192 சதுர அடிப் பேட்டியோவைப் பெயர்த்துவிடுங்கள்.

75 அடிக்குள் ஒரு விலக்கு உண்டு. 35 அடிக்கு அப்பால், பக்கச் சுவர் இல்லாத அல்லது வலை மட்டும் அடித்த அமைப்பு, மொத்தம் 200 சதுர அடிக்கு மிகாமல் வைக்கலாம். பதிலுக்கு, அந்தச் செட்பேக் பகுதியில் தண்ணீரை ஒட்டிய பாதியில் குறைந்தது 70 சதவீதத்தைச் செடிகொடிகளால் மூடிக் காக்க வேண்டும். கரை வரை புல்வெளி வெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வேலை. ஒரு நாற்காலி வட்டத்துக்காக அதை ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. 77 அடியிலிருந்தும் ஏரி நன்றாகவே தெரியும்.

அறை. பக்கவாட்டில், வீட்டின் ஏரிப் பக்கச் சுவரைத் தாண்டாமல் வைத்தால் தூரப் பிரச்சினை இல்லை. பக்கத்து லாட்டின் எல்லைத் தூரத்தை மட்டும் பாருங்கள். ஆனால் அது படுக்கையறை. இங்கே செப்டிக்கின் அளவே படுக்கையறை எண்ணிக்கையை வைத்துத்தான். மூன்று அறைக்குப் போட்ட செப்டிக்கில் நான்காவது அறை சேர்த்தால், அதைச் சோதித்து, தேவைப்பட்டால் பெரிதாக்கச் சொல்வார்கள். அந்தச் செலவு அறையின் செலவில் பாதியைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை. முதலில் இதை விசாரியுங்கள்.

இப்போது புதிய கணக்கு. பழைய 5,220இல், டிரைவ்வேயை 12 அடியிலிருந்து 10 அடியாகக் குறுக்கினால் 300 கழியும். (இரண்டு பக்கமும் ஓர் அடி ஜல்லியை அள்ளிவிட்டு, கீழே இறுகிய மண்ணை ஓரடி ஆழம் கிளறி, மேல்மண் போட்டுப் புல் விதைக்க வேண்டும். மேலே மட்டும் மண் தூவினால் அது தளமாகவே நீடிக்கும்.) நிறுத்துமிடம் 400 கழியும், பழைய பேட்டியோ 192 கழியும். அறை 320, புதிய பேட்டியோ 312 கூடும். மொத்தம் 4,960 சதுர அடி, 16.5 சதவீதம். முன்பிருந்த 17.4ஐவிடக் குறைவு. பழைய தளங்கள் சட்டப்படியானவை என்று நிரூபிக்க முடிந்தால், இந்த மாற்றிக்கொள்ளும் வழியிலேயே பெர்மிட் கேட்கலாம்.

அதோடு நிற்காமல் இன்னொரு படி போகச் சொல்வேன். வழிந்தோடும் நீரை மழைத்தோட்டம் (மழைநீரைப் பிடித்து மண்ணுக்குள் இறக்கும் ஆழமில்லாத செடிப்பாத்தி), ஊறல் குளம் போன்ற அமைப்பு ஒன்றில் இறக்கிச் சுத்திகரித்தால், அந்தப் பரப்பு சதவீதக் கணக்கிலிருந்தே கழிக்கப்படுகிறது. ஏரிப் பக்கம் சாயும் பாதிக் கூரை 840, புதிய அறை 320. இந்த 1,160ஐ மழைத்தோட்டத்துக்குத் திருப்பினால் மிச்சம் 3,800. அது 12.7 சதவீதம். 15க்குக் கீழே வந்துவிட்டீர்கள். பழைய தளங்களின் சரித்திரத்தில் சந்தேகம் வந்தாலும் பரவாயில்லை. நாளைக்கு ஒரு ஷெட் வேண்டுமென்றாலும் இடம் இருக்கிறது.

மழைத்தோட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

இடம்: வீட்டு அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி. செப்டிக் வயலின் மேல் கூடாது. ஏற்கெனவே தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் வைக்கத் தோன்றும், கூடாது. அங்கே தேங்குகிறது என்றாலே அந்த மண் தண்ணீரை விடவில்லை என்றுதான் அர்த்தம். தோண்டுவதற்கு மூன்று வேலை நாள் முன்பு 811க்குப் போன் செய்து நிலத்தடிக் குழாய்களைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு 8 அங்குல ஆழத்தில் ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி விடுங்கள். 24 மணி நேரத்துக்குள் வற்ற வேண்டும். வட விஸ்கான்சினின் மணல் மண்ணில் ஒரு மணி நேரத்திலேயே போய்விடலாம். வற்றவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள்.

அளவு: சரிவு 4 சதவீதத்துக்குள் இருந்தால் ஆழம் 3 முதல் 5 அங்குலம். மணல் மண்ணில், கூரைக் குழாயிலிருந்து 30 அடிக்குள் அமையும் தோட்டத்துக்கு, வடியும் பரப்பை 0.19ஆல் பெருக்குவது விஸ்கான்சினில் வழக்கமான கணக்கு. 1,160 பெருக்கல் 0.19, ஏறத்தாழ 220 சதுர அடி. 22 அடிக்கு 10 அடி. நீளப் பக்கம் சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும். சரிபார்த்துக்கொள்ள இன்னொரு வழி: ஓர் அங்குல மழையில் அந்தக் கூரையிலிருந்து 97 கன அடித் தண்ணீர் வரும், 5 அங்குலம் ஆழமுள்ள 220 சதுர அடித் தோட்டம் 92 கன அடி பிடிக்கும். நிரம்பும்போதே மண் குடித்துக்கொண்டிருப்பதால் போதும். இதுவே களிமண்ணாக இருந்தால் 0.43ஆல் பெருக்க வேண்டும். தோட்டம் 500 சதுர அடியைத் தொடும்.

தோண்டும்போது தரை மட்டமாக இருக்க வேண்டும். இரண்டு முளை, ஒரு நூல், நூலில் மாட்டும் ரசமட்டம் போதும். அடி சரிந்திருந்தால் தண்ணீர் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்து அங்கேயே கரையை உடைக்கும். அள்ளிய மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் வரப்பாகப் போட்டு மிதித்து இறுக்குங்கள். நம் ஊர் வயல் வரப்பு மாதிரிதான். உயரம் மேல்பக்கத் தரையோடு சமமாக வர வேண்டும். வரப்பில் ஓரிடத்தில் தாழ்வான மடை வைத்து உருண்டைக் கல் பதியுங்கள். பெருமழையில் தோட்டம் எப்படியும் வழியும். எந்த வழியாக வழிவது என்று நீங்கள் முடிவு செய்யாவிட்டால் தண்ணீர் முடிவு செய்யும். குழாய் வந்து விழும் இடத்திலும் கல் வேண்டும்.

தோட்டத்தின் அடிப்பகுதியில் இயந்திரம் ஏறக் கூடாது. சிறு எக்ஸ்கவேட்டரை உள்ளே இறக்கித் தோண்டினால், அதன் எடையே அந்த மணல் மண்ணின் துளைகளை மூடிவிடும். கையால் வெட்டுங்கள், அல்லது இயந்திரம் வெளியே நின்று கை நீட்டித் தோண்டட்டும். அறையும் கூரையும் முடிந்து, சுற்றிலும் புல் பிடித்த பிறகே தோட்டத்தைத் தொடங்குங்கள். கட்டட வேலையின் சேற்றுத் தண்ணீர் ஒரே ஒரு மழைக்கு உள்ளே போனாலும் அடியில் மெழுகியது போல ஒரு படலம் படிந்து, 24 மணி நேரத்தில் வற்ற வேண்டியது மூன்று நாள் நிற்கும். செடிகள் இந்த மண்ணுக்கே உரியவையாக இருக்கட்டும்: புளூ ஃபிளாக் ஐரிஸ், ஸ்வாம்ப் மில்க்வீட், லிட்டில் புளூஸ்டெம், ஓரத்தில் பிளேசிங் ஸ்டார். ஓரடிக்கு ஒன்று என்றால் 220 நாற்று. முதல் வருடம் வாரா வாரம் களை எடுக்காவிட்டால் களைதான் மிஞ்சும். உரம் வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள்: மேலே சொன்னது வீட்டுத் தோட்டத்துக்கான அளவு முறை. சதவீதத்தில் கழிவு வேண்டுமென்றால் கவுண்டி எழுத்தில் கேட்கும்: அந்தப் பரப்பிலிருந்து எவ்வளவு நீர் வருகிறது, அமைப்பு அதை எப்படிச் சுத்திகரிக்கிறது, எப்போது முடிப்பீர்கள், யார் பராமரிப்பார்கள். பராமரிப்புக் கடமையும் பத்திரத்தில் பதிவாகும். கவுண்டி நில-நீர்ப் பாதுகாப்புத் துறையினரிடம் முதலில் பேசுங்கள். எந்த முறையில் கணக்குக் காட்டினால் ஏற்பார்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

பேட்டியோவுக்குத் தண்ணீர் இறங்கும் பேவர் (தரைக்கல்) போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், 312 சதுர அடியும் கழிய வாய்ப்பு உண்டு. ஆனால் கல்லை மாற்றினால் மட்டும் போதாது, கீழே உள்ள அடுக்குதான் வேலை செய்கிறது. அடியில் ஏறத்தாழ 2 அங்குலப் பெரிய கல் ஒரு அடுக்கு, அதன்மேல் 4 அங்குலத்துக்கு அரை முதல் ஓர் அங்குல ஜல்லி, அதன்மேல் 2 அங்குலத்துக்குச் சிறு ஜல்லி, பிறகு பேவர், இடுக்கிலும் அதே சிறு ஜல்லி. எல்லாம் தூள் போகக் கழுவிய உடைகல். வழக்கமான பேட்டியோ போடும் ஆட்கள் பழக்கதோஷத்தில் இடுக்கில் மணலை வாரிப் போட்டுவிடுவார்கள்; அன்றோடு அது சாதாரணத் தளம். குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்க மணல் தூவுவதும் அதே கெடுதல். வருடம் ஒருமுறையாவது இடுக்கை உறிஞ்சிச் சுத்தம் செய்ய வேண்டும். இவ்வளவு பராமரிக்க முடியுமா என்று யோசித்து முடிவு செய்யுங்கள். மழைத்தோட்டம் மட்டுமே உங்களை 12.7க்குக் கொண்டுவந்துவிடுகிறது.

ஏரிக்கு இறங்கும் கான்கிரீட் பாதையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஏரிக்கு உங்கள் லாட்டிலிருந்து போகும் கெடுதல் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் போகும். கரைக்குப் போகும் நடைபாதைக்கு 75 அடி விதியில் விலக்கு உண்டு, அகலம் 60 அங்குலத்துக்குள் இருந்தால், உங்களுடையது 48. ஆனால் நேர்க்கோட்டில் சரிவில் இறங்கும் கான்கிரீட் ஒரு வாய்க்கால். அடுத்த நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு அதன் அடியில் போய் நில்லுங்கள். கூரை விளிம்பில் சொட்டிய தண்ணீர் மணலில் பள்ளம் பறித்து, பைன் ஊசிகளை இழுத்துக்கொண்டு, பாதையில் சேர்ந்து, கலங்கலாகக் கரையில் விழும். மழை விட்டதும் தண்ணீரோரம் விசிறி மடிப்புப் போல ஒரு மணல் திட்டு இருக்கும். அந்த மணலோடு பாஸ்பரஸும் போகிறது. ஒரு பவுண்டு பாஸ்பரஸ் 500 பவுண்டு வரை பாசி வளர்க்கக் கூடியது. ஓர் அங்குல மழையில் உங்கள் 5,220 சதுர அடித் தளத்திலிருந்து சுமார் 12,300 லிட்டர் தண்ணீர் கிளம்புகிறது. மண்ணுக்குள் போயிருந்தால் அது குளிர்ந்து, வடிகட்டி, நாட்கள் கழித்து ஏரிக்கு வந்திருக்கும். 15 சதவீதம் என்ற விதிக்குப் பின்னால் இருப்பது இந்தத் தண்ணீர்தான்.

பாதையை உடைக்கத் தேவையில்லை. 15, 20 அடிக்கு ஒரு இடத்தில் குறுக்கே ஒரு வெட்டு வெட்டி, சாய்வாக ஒரு கட்டையோ ரப்பர் பட்டையோ பதித்து, தண்ணீரைப் பக்கத்துச் செடிக்குள் திருப்பி விடுங்கள். அது விழும் இடத்தில் ஒரு கூடைக் கல். கரையிலிருந்து 35 அடி வரை புல் வெட்டுவதையும் நிறுத்தினால் நல்லது. 100 அடிக் கரைக்கு 35 அடி அகலம் பார்வைக்கும் போக வரவும் திறந்து வைக்கலாம். முற்றத்தைச் சிமென்ட் பூசி மெழுகினால்தான் வீடு வீடாக இருக்கும் என்று வளர்ந்தவர்களுக்கு, கரையில் முழங்கால் உயரச் செடி முதலில் காடாகத்தான் தெரியும். அப்பா அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். வந்த மறுநாள் அரிவாளைத் தேடுவார்கள்.

விதிவிலக்கு கேட்டு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால், உங்கள் விஷயத்தில் பணமும் நேரமும்தான் வீண். நிலத்தின் தனித்தன்மையால் விதியைப் பின்பற்றுவது தேவையற்ற சுமையாகிறது என்று காட்ட வேண்டும். 80 அடி ரோட்டுப் பக்கம் காலியாக இருக்கும் லாட்டில் அதைக் காட்ட முடியாது. அனுமதி இல்லாமல் கட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் பல கவுண்டிகளில் கட்டணம் இரட்டிப்பு. பெர்மிட் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

வரிசை இப்படி இருக்கட்டும்: செப்டிக் வரைபடமும் பழைய பெர்மிட்களும் இந்த வாரமே கேளுங்கள், அதற்குச் செலவு அதிகமில்லை. பனி உருகியதும் சர்வேயர். அவர் வரைபடத்தின் மேல் மேலே சொன்ன கணக்கை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: இருப்பது, எடுப்பது, போடுவது, கழிப்பது. அதோடு ஜோனிங் அலுவலரைப் பாருங்கள். மூன்று கேள்விகளுக்கு மட்டும் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்: பழைய ஜல்லித் தளம் 400ஐ ஏற்கிறீர்களா, மழைத்தோட்டத்துக்கு எந்த வடிவமைப்பு முறையை ஏற்பீர்கள், இடைவெளி விட்ட பலகை டெக்கைத் தளமாகக் கணக்கிடுவீர்களா. கடைசிக் கேள்வி எதற்கென்றால், கீழே மண் திறந்திருக்கும் டெக்கைச் சில கவுண்டிகள் சேர்ப்பதில்லை. உங்கள் கவுண்டி அப்படியென்றால் பேட்டியோவுக்குப் பதில் அதே 24க்கு 13இல் டெக் போட்டு இன்னொரு 312ஐயும் மிச்சப்படுத்தலாம். 75 அடி விதி டெக்குக்கும் உண்டு.

கான்ட்ராக்டருடன் கையெழுத்திடும்போது, பெர்மிட் கையில் வரும்வரை மண் தோண்டக் கூடாது என்றும், மழைத்தோட்டத்துக்குக் குறித்த இடத்தையும் செப்டிக் வயலையும் முதல் நாளே ஆரஞ்சு வேலி போட்டு அடைக்க வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.